இரண்டாவதாக வரும் துவக்கு

2017 ஜூலை 22, சனிக்கிழமை பின்னேரம். நல்லூரில் கொடியேறச் சில நாட்களே இருந்தன. யாழ்ப்பாண மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியனின் வாகனம் கோயிலடிச் சந்தியில் நெரிசலில் சிக்கியது. முன்னால் மோட்டார் சைக்கிளில் சென்ற மெய்ப்பாதுகாவலர், பொலிஸ் சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திர, வழி விலக்க இறங்கினார். அங்கே நின்ற ஒருவனோடு வாய்த்தர்க்கம், அது கைகலப்பானது. சார்ஜன்டின் இடுப்பிலிருந்த பிஸ்டலை அவன் இழுத்துப் பறித்து அவரையே சுட்டான். மற்றைய மெய்ப்பாதுகாவலர் திருப்பிச் சுட்டார், அவரும் காயப்பட்டார். நீதிபதிக்கு ஒன்றும் நேரவில்லை. ஹேமச்சந்திர மறுநாள் அதிகாலை யாழ். போதனா வைத்தியசாலையில் உயிர் விட்டார். சிலாபத்தைச் சேர்ந்த அந்தச் சிங்களப் பொலிஸ்காரரின் மனைவி முன் மண்டியிட்டு நீதிபதி கதறி அழுத படத்தை இந்த மண் இன்னும் மறக்கவில்லை.

புங்குடுதீவு மாணவி கொலை வழக்கை விசாரித்த மூவர் கொண்ட ‘ட்ரயல் அட் பார்’ மன்றில் இளஞ்செழியனும் ஒருவர். ஆகவே குறி நீதிபதியா, அல்லது தெருச் சண்டை கைமீறிப் போனதா என்று அன்று பெரிய விவாதம் எழுந்தது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் ஒரு விஷயம் மாறாது. அன்று முதலில் வெடித்தது காவலுக்கென்று அரசு கொடுத்த பிஸ்டல். காவலாளியின் இடுப்பிலிருந்த ஆயுதமே காவலாளியைக் கொன்றது. பாதுகாப்புக்கென்று சிறிய கைத்துப்பாக்கி வைத்திருப்பது பற்றி எவர் பேசத் தொடங்கினாலும் இந்தச் சந்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

பேச்சு இருக்கத்தான் செய்கிறது. அச்சுறுத்தலுக்கு உள்ளான அரசியல்வாதிகள், வர்த்தகர்கள், அவர்களின் காவலர்கள் ஆகியோர் நடுவே, பெரிய ஆயுதத்துக்குத் துணையாகச் சட்டைக்குள்ளோ கணுக்காலிலோ பாரமில்லாத ஒரு சின்னப் பிஸ்டல் இருந்தால் நல்லது என்ற எண்ணம் உலகெங்கும் உண்டு. முதல் துவக்கு இறுகிப் போனால், ரவை தீர்ந்தால், யாராவது பறித்தால் கை நீட்ட இன்னொன்று வேண்டும் என்பது அதன் நியாயம். அமெரிக்கப் பொலிஸார் பலர் நெடுங்காலமாக இப்படி இரண்டாவது துவக்கு வைத்திருக்கிறார்கள். ஸ்மித் அன்ட் வெஸன் நிறுவனம் 1950இல் வெளியிட்ட ஐந்து ரவை ரிவோல்வர் இதற்காகவே பேர்பெற்றது. பின்னர் உருக்குச் சட்டகத்துக்குப் பதில் அலுமினியக் கலவை வந்தது. எடை 425 கிராம் அளவுக்கு இறங்கியது. எங்கள் கடைகளில் விற்கும் ஒரு இறாத்தல் பாணை விடக் குறைவு. 2008இல் வந்த ரூகர் எல்சிபி அதையும் மிஞ்சியது: ரவை இல்லாமல் 270 கிராம். இந்தியாவின் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014 ஜனவரியில் பெண்களின் தற்காப்புக்கென்று ‘நிர்பீக்’ என்ற டைட்டேனியம் ரிவோல்வரை 500 கிராம் எடையில் விற்பனைக்கு விட்டது. விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் இந்திய ரூபாய்க்கு மேல். டில்லியில் 2012இல் மாணவி ஒருவருக்கு நேர்ந்த கொடூரத்தின் பின்னே அது வந்தது. அவருக்கு ஊடகங்கள் வைத்த பெயரின் சாயலே அந்த ஆயுதத்துக்கும் சூட்டப்பட்டது.

பாரம் குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். சுமப்பதற்கு நல்லது, சுடுவதற்கு அப்படியல்ல. ரவை முன்னே பாயும்போது துவக்கு பின்னே உதைக்கிறது. அதே ரவையை வைத்துக்கொண்டு துவக்கின் எடையைப் பாதியாக்கினால், அது கையை நோக்கித் திரும்பும் வேகம் இரட்டிப்பாகும். உதைப்பின் சக்தியும் இரட்டிப்பாகும். முதல் சூட்டிலேயே குழல் மேலே துள்ளும்; அதை மறுபடி இறக்கிக் குறி பிடிப்பதற்குள் நேரம் போய்விடும். அடுத்தது குறி. துவக்கின் பின்னே ஒரு பிளவு, முன்னே ஒரு முனை. இரண்டையும் ஒரே நேர்கோட்டில் வைத்துத்தான் குறிபார்க்கிறோம். பொலிஸார் பாவிக்கும் முழு அளவுப் பிஸ்டலில் இவ்விரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 16 சென்ரிமீற்றர் உண்டு. சட்டைப்பைக்குள் அடங்கும் ஒன்றில் அது 10 சென்ரிமீற்றர்கூடத் தேறாது. முன்முனை ஒரு மில்லிமீற்றர் விலகினால், ஏழு மீற்றர் தூரத்தில் பெரிய பிஸ்டலின் ரவை நான்கு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக விலகும். சின்னது ஏழு சென்ரிமீற்றர் விலகும். பயத்தில் நடுங்கும் கை ஒரு மில்லிமீற்றரோடு நிற்குமா?

விசையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் கடையில் கையில் எடுத்துப் பார்க்கிறவருக்கு இது புலப்படாது. சிறிய ரிவோல்வர்களில் தனியான பாதுகாப்புப் பூட்டு பெரும்பாலும் இருப்பதில்லை. தவறுதலாக வெடிக்காமல் இருக்க விசையையே கடினமாக வைத்திருப்பார்கள். பன்னிரண்டு இறாத்தல் அளவு பலம் கொடுத்தால்தான் அது கடைசிவரை பின்னே வரும். அரைக் கிலோகூட இல்லாத ஒரு பொருளை ஆடாமல் பிடித்தபடி, அதன் எடையைப் போலப் பத்து மடங்குக்கு மேற்பட்ட பலத்தை ஒற்றை விரலால் செலுத்த வேண்டும். இழுக்கும்போதே துவக்கு முழுவதும் ஒரு பக்கம் சாயும். அதனால்தான், தொடக்கக்காரருக்கு ஏற்றது என்று விற்கப்படும் இந்தச் சின்ன ஆயுதத்தை, பல்லாண்டு பழகியவர்கள் கையாள மிகக் கடினமானவற்றில் ஒன்றாகக் கருதுகிறார்கள். சட்டை மடிப்புத் தடுக்காமல் எடுப்பதற்கே தனிப் பழக்கம் வேண்டும். பைக்குள் சேரும் தூசி பொறியை அடைக்காமல் துடைத்து வைப்பதற்கு இன்னொரு பழக்கம் வேண்டும்.

முழு அளவு ஆயுதமும் முறையான பயிற்சியும் உள்ளவர்களின் நிலை என்ன? நியூயோர்க் பொலிஸாரின் துப்பாக்கிப் பயிற்சியை ராண்ட் நிறுவனம் ஆராய்ந்து 2008இல் அறிக்கை வெளியிட்டது. எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் அந்தப் பொலிஸார் சுட்ட ரவைகளில் நூற்றுக்குப் பதினெட்டு மட்டுமே இலக்கில் பட்டன. மீதி எண்பத்திரண்டும் சுவரிலோ வாகனத்திலோ வேறெங்கோ போயின. யாழ்ப்பாண நகரத்தின் கஸ்தூரியார் வீதியிலோ சுன்னாகம் சந்தையிலோ, தோளோடு தோள் உரசிச் சனம் நடக்கும் இடத்தில், இந்த விகிதத்தை வைத்து யோசித்துப் பாருங்கள்.

ஆனால் என் வாதத்தின் நடுத்தூண் குறி தவறுவது பற்றியதல்ல. நேரம் பற்றியது. தாக்குகிறவன் நாளையும் இடத்தையும் நொடியையும் தானே தெரிவு செய்கிறான். காக்கிறவனுக்கு அந்தத் தெரிவு கிடையாது. ஆகவே காவல் துவக்கு எப்போதும் இரண்டாவதாகவே வந்து சேர்கிறது. எங்கள் நாட்டு வரலாறு இதை அலுக்க அலுக்கச் சொல்லியிருக்கிறது. 1959 செப்டெம்பர் 25இல் பிரதமர் பண்டாரநாயக்க தன் வீட்டு விறாந்தையில் சுடப்பட்டார். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் சுட்டவரைச் சுட்டுக் காயப்படுத்தினார். பிரதமர் மறுநாள் இறந்தார். 1989 ஜூலை 13இல் கொழும்பில் தமிழ் அரசியல் தலைவர்கள் அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் கொல்லப்பட்டபோது, வந்த மூவரையும் காவலில் இருந்த பொலிஸார் சுட்டு வீழ்த்தினார்கள். தலைவர்கள் இருவரும் அதற்கு முன்னமே வீழ்ந்துவிட்டார்கள். 2008ஆம் ஆண்டின் முதல் நாள், கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் பாராளுமன்ற உறுப்பினர் மகேஸ்வரன் சுடப்பட்டார். அவருடைய மெய்ப்பாதுகாவலர் திருப்பிச் சுட்டதில் தாக்கியவன் காயப்பட்டுப் பிடிபட்டான்; மகேஸ்வரன் பிழைக்கவில்லை. சாவகச்சேரி தந்த சட்டத்தரணி ரவிராஜ் 2006 நவம்பர் 10 காலையில் கொழும்பில் வாகனத்துக்குள் சுடப்பட்டபோது, கூட இருந்த பொலிஸ் காவலர் லக்ஷ்மனும் அவரோடு மாண்டார். இந்த நான்கு இடத்திலும் காவலர்கள் கோழைகளாக இருக்கவில்லை. ஆயுதம் இல்லாமலும் இருக்கவில்லை. முதல் மூன்றில் கொலையாளியைப் பிடிக்க, சில வேளை தண்டிக்க, அவர்களின் துவக்கு உதவியது. உயிரைக் காக்க அதற்கு நேரம் கிடைக்கவில்லை. முதல் துவக்கே இரண்டாவதாக வருகிறதென்றால், துணைக்கென்று ஒளித்து வைத்தது மூன்றாவதாகத்தான் வரும்.

சிறுமையும் ஒளிப்பும் உண்மையில் யாருக்கு உதவுகின்றன என்று பார்த்தால் இது இன்னும் தெளியும். பண்டாரநாயக்கவைச் சுட்ட ரிவோல்வர் காவியுடைக்குள் வந்தது. 2025 பெப்ரவரி 19இல் கொழும்பு அளுத்கடை நீதிமன்றத்தில், சட்டத்தரணி வேடமிட்டு வந்தவன் கணேமுல்ல சஞ்சீவ என்பவரைக் கூண்டிலேயே சுட்டுக்கொன்றான். ரிவோல்வர், நடுவே வெட்டிக் குடைந்த சட்டப் புத்தகத்துக்குள் மறைத்துக் கொண்டுவரப்பட்டிருந்தது. மறைப்பதில் உள்ள வசதி, எப்போது எடுப்பது என்று முன்கூட்டியே தெரிந்தவனுக்குத்தான் முழுதாகக் கிடைக்கிறது. எதிர்பாராமல் தாக்கப்படுகிறவருக்கு அதே மறைப்பு ஒரு தடை: சட்டையைத் தூக்க வேண்டும், குனிந்து கணுக்காலைத் தொட வேண்டும், பையின் இழுவையைத் திறக்க வேண்டும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது நல்லூரையே சுட்டிக் கேட்கும் கேள்வி: ஹேமச்சந்திரவிடம் இன்னொரு சின்னத் துவக்கு இருந்திருந்தால், முதலாவது பறிபோன பின் அதை எடுத்திருக்கலாமே? நியாயமான கேள்வி. ஆனால் பிஸ்டல் பறிபோன கணத்தில் அது ஒரு கைநீளத் தூரத்தில், அவர் உடலை நோக்கி இருக்கிறது. அந்த நேரத்தில் காவலரின் இரண்டு கைகளும் செய்ய வேண்டிய வேலை, பறித்தவனின் மணிக்கட்டைப் பிடித்துக் குழலை வேறு பக்கம் திருப்புவது. ஒரு கையை எடுத்துக் கணுக்காலுக்கு அனுப்பினால் அந்தப் பிடியும் போய்விடும். அதோடு, அன்று அந்தச் சந்தியில் இரண்டாவது துவக்கு ஒன்று இருக்கவே செய்தது, மற்றைய மெய்ப்பாதுகாவலரின் கையில். அது வெடித்தும் இருக்கிறது. சார்ஜன்டின் வயிற்றில் ஏற்கெனவே பாய்ந்த ரவையை அதனால் திருப்பி எடுக்க முடியவில்லை.

அடுத்த ஆட்சேபம் சாதாரண சனங்களின் பயத்திலிருந்து வருவது. வாள்வெட்டுக் குழுக்கள் வீடு புகுந்து வெட்டுகின்றன, வாசலில் நிற்கும் வாகனத்தைக் கொளுத்துகின்றன. பொலிஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பிறகு நாங்கள் என்ன செய்வது? இந்தப் பயத்தை அலட்சியம் செய்கிறவர் குடாநாட்டில் இரவு படுத்துப் பார்க்காதவர். ஆனாலும் கணக்கு மாறவில்லை. அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றிப் பொலிஸ் பயிற்றுநர் டென்னிஸ் ருவெல்லர் 1983இல் ஒரு சோதனையை எழுதி வெளியிட்டார். கத்தியோடு ஓடி வரும் ஒருவன் 21 அடியை ஒன்றரை நொடியில் கடந்துவிடுகிறான். இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை எடுத்துச் சுடப் பழகிய பொலிஸ்காரருக்கும் அவ்வளவு நேரம் வேண்டும். எங்கள் வீடுகளில் படலைக்கும் விறாந்தைக்கும் இடையே 21 அடி உள்ளவை எத்தனை? வருகிறவர்கள் ஆறேழு பேர், முகம் மூடி, மோட்டார் சைக்கிளில். ஐந்து ரவை கொண்ட ரிவோல்வர், மேசை லாச்சிக்குள், திறப்பு வேறெங்கோ. அவர்கள் தேடி வந்த பொருட்களோடு ஒரு துவக்கையும் எடுத்துக்கொண்டு போவதற்கான வாய்ப்பே கூடுதல்.

வீட்டில் இருக்கும் துவக்கு பெரும்பாலும் யாரைக் காயப்படுத்துகிறது என்பதற்கும் சான்று உண்டு. 1967 ஜனவரி 12இல் எம்.ஜி.ஆர் சுடப்பட்டது கள்ளனாலோ கொள்ளையனாலோ அல்ல. கூடவே நடித்த எம்.ஆர். ராதா அவர் வீட்டுக்குப் பேச வந்த இடத்தில் அது நடந்தது. ராதாவின் உடலிலும் ரவை பாய்ந்தது. பழைய ரவைகள் வலுவிழந்திருந்ததால் இருவரும் பிழைத்தார்கள் என்பது தடயவியல் அறிஞர் சந்திரசேகரன் தந்த விளக்கம். கலிபோர்னியாவில் கைத்துப்பாக்கி வாங்கியவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. வாங்கிய ஆண்கள் துப்பாக்கியால் தம் உயிரையே மாய்த்துக்கொண்ட விகிதம், வாங்காதவர்களை விட எட்டு மடங்கு. பெண்களில் முப்பத்தைந்து மடங்கு. இதை வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிட எங்களுக்கு உரிமை இல்லை. 1995இல் இலங்கையின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47ஆக உச்சத்தில் இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்த பின் அது பாதிக்கும் கீழே இறங்கியது. மனிதரின் துயரம் குறைந்ததாகச் சொல்ல முடியாது, அந்த ஆண்டுகளில் போரும் சுனாமியும் நடந்தன. ஆத்திரமும் விரக்தியும் பொங்கிய அந்த நேரத்தில் கைக்கெட்டும் இடத்தில் கொல்லும் பொருள் இருக்கவில்லை, அந்த நேரம் கடந்தது, ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். எங்கள் தோட்டக் கொட்டிலில் இருந்து அகற்றிய ஆபத்தை அதனிலும் வேகமானதாய்ப் படுக்கையறைக்குள் கொண்டுவருவது எப்படிப் பாதுகாப்பாகும்?

சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது. இலங்கையின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கம். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பயிர் காக்கும் வேட்டைத் துவக்குக்கு ஒரு வழி, பிஸ்டலுக்கும் ரிவோல்வருக்கும் பாதுகாப்பு அமைச்சு வழி. 2024இல் அந்த அமைச்சு, தற்காப்புக்கென்று வழங்கிய துப்பாக்கிகள் அனைத்தையும் நவம்பர் 7க்குள் தற்காலிகமாக ஒப்படைக்கச் சொல்லி, யாருக்கு உண்மையில் தேவை என்று மீளாய்வு செய்தது. சிலர் அதை அநியாயம் என்றார்கள். சட்டத்தை மதிக்கிறவனிடம் வாங்கிவிட்டுக் கள்ளத் துவக்கு வைத்திருப்பவனை விட்டுவிடுகிறார்கள் என்பது அவர்கள் முறைப்பாடு. கள்ளத் துவக்கைத் தேடிப் பிடிக்கும் கடமையை அது சரியாகவே நினைவூட்டுகிறது. ஆனால் நல்லூரில் வெடித்தது கள்ளத் துவக்கல்ல. பதிவேட்டில் இலக்கம் உள்ள அரச பிஸ்டல்.

இவ்வளவும் சொல்லியும், கடமைக்காக ஆயுதம் சுமந்தே ஆக வேண்டியவர்கள் இருக்கிறார்கள்: நீதிபதிகளுக்கும் சாட்சிகளுக்கும் காவல் நிற்கும் பொலிஸார். அவர்களுக்கு எந்தத் துவக்கு சிறியது, எது பாரமற்றது என்ற தெரிவை விட உறையைப் பற்றிய தெரிவு பெரியது. பறிப்பைத் தடுக்கும் உறைகள் இன்று உலகெங்கும் பாவனையில் உள்ளன. மேலே ஒரு மூடி, உள்ளே ஒரு பூட்டு. அணிந்தவர் பெருவிரலால் ஒன்றைத் தள்ளி, அடுத்ததை அமத்தி, பிறகுதான் உருவலாம்; பழகிய கைக்கு அது ஒரே அசைவு. பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ இழுக்கிறவனுக்கு அந்த ஒழுங்கு தெரியாது. இடுப்புப் பட்டிதான் இழுபடும், பிஸ்டல் வராது. அதில் கிடைக்கும் ஓரிரு நொடி போதும், முழங்கையால் உறையை அமுக்கிப் பிடிக்க, உடம்பைத் திருப்ப, உதவிக்குக் கூப்பிட. கூட்டத்துக்குள் வாக்குவாதம் செய்யும்போது துவக்கு உள்ள பக்கத்தை எதிராளிக்குக் காட்டாமல் நிற்பதும் பயிற்சியால் வருவது. வாகன நெரிசலைக் கலைக்கும் வேலையும் காவல் வேலையும் ஒரே ஆளின் தலையில் விழக்கூடாது என்பதும் அதே பாடத்தின் பகுதி. கணுக்காலில் இன்னொரு துவக்கைக் கட்டுவதற்கு ஆகும் செலவில் சிறு பங்கே இவற்றுக்குப் போதும்.

வடக்கில் கடமையாற்றும் மெய்ப்பாதுகாவலர்கள் பெரும்பாலும் ஹேமச்சந்திரவைப் போல வீட்டிலிருந்து பல மணி நேரப் பயணத் தூரத்தில், தங்களுக்கு மொழி பழகாத தெருக்களில், எங்கள் நீதிமன்றங்களுக்காக நிற்கிறார்கள். பொலிஸ் திணைக்களத்திடம் கேட்பது ஒன்றுதான்: அவர்கள் ஒவ்வொருவரின் இடுப்பிலும் பூட்டுள்ள உறை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாதவருக்கு, அடுத்த கடமைக்குப் போகுமுன் ஒன்றைக் கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பறிப்புத் தடுப்புப் பயிற்சியும் கொடுங்கள்.